சாதாரண முயற்சி

வாரத்தில் ஆறு நாள் லாரிகளை நிறுப்பவன் நான்.
பகாவ் சாலையோரச் செம்பனை ஆலையில்
வரும்போது ஓர் எண், போகும்போது ஓர் எண்,
கழித்தால் மிச்சம் குலை.

ஏழாம் நாள் பென்சிலைச் சீவிக்கொண்டு
தமிழ்ப்பள்ளித் திடலுக்குப் போகிறேன்.
சம்பளம் இல்லை. பசியாற ஒரு பொட்டலம் நாசி லெமாக்,
பையில் கட்டிய ஐஸ் மைலோ,
பாக்கியம் டீச்சர் விரித்துப் போடும்
ஒரு கால் ஆடும் நாற்காலி.

சாஃப்ட்பால் எனக்கு ஆடத் தெரியாது.
மட்டையைத் தொட்டதுகூட இல்லை.
தாள் தெரியும்.
ஒவ்வொரு பிள்ளைக்கும் சின்னதாய் ஒரு வைரக் கட்டம்,
ஒரு தளம் தொட்டால் ஒரு பக்கம் கோடு,
வீடு திரும்பினால் உள்ளே முழுக்கக் கறுப்பு.
மட்டையை வீசாமல் பார்த்தபடியே அவுட் ஆனவளுக்கு
கே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும்,
கண்ணாடியில் தெரிவதுபோல.
முதல் வருடம் அப்படிப் போட மனம் வரவில்லை.
இப்போது கை தானாகவே திரும்பிக்கொள்கிறது.

நேற்று ரொம்பின் பிள்ளைகளோடு.
கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட்,
நாங்கள் ஓர் ஓட்டம் முன்னால்.
நூர் அலியா அடித்த பந்து
தரையோடு தரையாக வந்து
புல் செத்த இடத்தில் ஒருமுறை குதித்து
ருபினியின் கால்களுக்கு நடுவே போனது.
இரண்டு பேர் வீடு வந்தார்கள்.

அடியா, பிழையா?
சாதாரண முயற்சியில் பிடித்திருக்கலாம் என்றால்
பிழை, என்கிறது விதி.
ஐந்து வருடமாய் அந்தச் சொல்லில்தான்
முட்டிக்கொண்டு நிற்கிறேன்.
யாருடைய சாதாரணம்?
பதினொரு வயது. அக்காளின் கையுறை,
விரல் நுனிகளில் பழந்துணி அடைத்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா தனபாலன்.
எடைமேடையில் லாரி ஏறும்போதெல்லாம்
"நாப்பது கிலோ கூட்டிப் போடுங்க கிராணி" என்று சிரிப்பவர்.
நான் போட்டதில்லை.
அவர் கேட்பதை விட்டதுமில்லை.
நேற்று சிரிக்காமல் சொன்னார்:
"அது அடிதானே கிராணி? என்ன வேகம்!"

ஆங்கில ஈ எழுதி, பக்கத்தில் ஆறு போட்டேன்.
தமிழில் ஈ என்றால் கொடு.
நான் கொடுக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் ருபினி வந்தாள்,
முழங்காலில் செம்மண்.
எதிரணித் தாளைத் திருப்பி
அலியாவின் கட்டத்தில் விரல் வைத்தாள்.
"பட்டுச்சு அங்கிள். கையில பட்டுட்டுத்தான் போச்சு."
பிறகு எங்கள் தாளை இழுத்தாள்.
"ஆனா, இது?"
மூன்றாம் இன்னிங்ஸில் அவளுக்கு நான் போட்ட அடி.
"இது அடி இல்ல.
ரெண்டாவது தளத்துப் பிள்ளை கைய விட்டுருச்சு.
ஓடும்போதே பார்த்தேன்."

நான் பார்க்கவில்லை.
மைலோ பையின் முடிச்சோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன் அப்போது.
அழிப்பான் நாற்காலிக்கடியில் கிடந்தது.
அவளே குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.
எழுதுகிறவன் பிழையைக் குறிக்க
அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

இன்று திங்கள். காலையிலிருந்தே மழை.
தனபாலன் லாரி மேடை ஏறியது.
கண்ணாடியை இறக்கினார். நாற்பது கிலோ கேட்கவில்லை.
"நேத்து பிள்ளைக்கு எத்தனை அடி?"
"ஒண்ணு."
"மொதல்ல ரெண்டு போட்டிருந்தீங்களாமே."
"ஆமா."
துடைப்பான் இரண்டு தரம் போய் வந்தது.
திரையில் எண் நிற்கவில்லை.
குலைகளின் மேல், தார்ப்பாயின் பள்ளங்களில்
தண்ணீர் தேங்கத் தேங்க
பத்து கூடியது, இன்னொரு பத்து கூடியது.
இரண்டு பேரும்
பார்த்துக்கொண்டிருந்தோம்.